நான்கு விரல்கள்

கூத்து நடக்கும் இரவுகளில் என் அக்கா மகன் கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால் போய் நிற்பான். அங்கிருந்து அவன் நான்கு விரல்களைக் காட்டினால், 4,000 ஹெர்ட்ஸ் பட்டையைக் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று பொருள். மூன்று விரல் என்றால் 3,150. ஐந்து என்றால் 5,000. இரண்டு கையும் சேர்த்து ஆறு காட்டினால் 6,300. ஒலியைத் தாழ்ந்ததிலிருந்து உச்சம்வரை பட்டைகளாகப் பிரித்து ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் பட்டைகளுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் எண்களைத்தான் விரல்களாக மாற்றிக்கொண்டோம். டியூப் லைட் வெளிச்சத்தில் அவன் கை எனக்குத் தெரிய வேண்டும். அதைப் பார்த்துத்தான் இப்போதெல்லாம் மிக்சருக்கு இடம் தேர்ந்தெடுக்கிறேன்.

அந்தப் பட்டைகள் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒலிபெருக்கித் தொழிலில் இருப்பவன் இதை எழுதுகிறேன். வெளியே சொல்லவே பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

குடியாத்தத்தில் எங்களுக்குச் சவுண்ட் சர்வீஸ். 1991இல், எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, பள்ளி விடுமுறையில் நைனாவோடு முதன்முதலாக வேலைக்குப் போனேன். அப்போது குழாய் ஸ்பீக்கர்தான். ஊர் எல்லையில் இருக்கும் புளியமரத்தின் உச்சியில் ஏறி, அதைக் கயிற்றால் கட்டி, வாய் பக்கத்து ஊரைப் பார்க்கும்படி திருப்பி வைப்போம். திருவிழா நடக்கிறது என்று நான்கு கல் தொலைவுக்குத் தெரிய வேண்டும் என்பது ஊர்ப் பெரியவர்களின் கட்டளை. குழாய்க்குள் இருக்கும் யூனிட் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நைனா கீழே ஆம்பிளிஃபையரைத் திருகுவார், நான் மரத்தின் மேலே குழாய்க்குள் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “வருது நைனா” என்று கத்துவேன். அப்படி எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

பிறகு பாக்ஸ்கள் வந்தன. மேடைக்கு இரண்டு பக்கமும் அடுக்கி வைத்துவிட்டு, வலது பக்க அடுக்கின் நிழலிலேயே ஆம்பிளிஃபையரையும் மிக்சரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். வயர் மிச்சமாகும், பொருளுக்குக் காவலாகவும் இருக்கும் என்பதுதான் காரணம். எங்கள் பக்கத்துச் செட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். என் இடது காது எப்போதும் பாக்ஸைப் பார்த்தபடி இருந்தது. இன்று என் இரண்டு காதுகளில் இடதுதான் மோசம்.

அதன் கணக்கை நான் பின்னாளில்தான் படித்தேன். 85 டெசிபல் ஒலியில் ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்யலாம். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று. 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். பாரதக் கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் கிழக்கு வெளுக்கும்வரை நடக்கும். 94 டெசிபலில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரே இரவில் எட்டு நாள் அளவைக் காது வாங்கிக்கொள்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து என்று கடைசி நாள் துரியோதனன் படுகளம் வரை அடுத்தடுத்த இரவுகள் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்போம்.

விடியற்காலையில் பொருளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருக்கும். ‘ஙொய்’ என்று ஒரு இரைச்சல் ஓடும். ஒரு நாள் தூங்கி எழுந்தால் போய்விடும். போய்விட்டதால் சரியாகிவிட்டது என்று நம்பினோம். உள்காதில் நத்தைக் கூடு போன்ற எலும்புக்குள் மயிர்ச் செல்கள் வரிசையாக இருக்கின்றன. அதிக ஒலியில் அவை களைத்துப்போய் மறுபடி நிமிர்கின்றன. பல முறை களைத்தபின் சில நிமிர்வதில்லை. மனிதக் காதில் ஒரு முறை செத்தவை மறுபடி முளைப்பதும் இல்லை. இரைச்சலால் வரும் இழப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் முதலில் பள்ளம் பறிக்கும். தாழ்ந்த ஒலிகள் அப்படியே கேட்டுக்கொண்டிருப்பதால் ஆளுக்குச் சந்தேகமே வருவதில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு முகவீணைக்காரரால்.

2018 பங்குனி. பள்ளிகொண்டாவுக்கு அப்பால் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் கூத்து. கர்ணன் போருக்குப் புறப்படும் இரவு. ஆடுகளத்துக்கு மேலே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டு, பின்பாட்டுக்காரர்கள், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை ஆகியோருக்குத் தனித்தனியாக மைக் வைத்திருந்தேன். முகவீணையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி அது. ஒரு முழம்கூட இருக்காது. அதே சீவாளி, ஆனால் குரல் மிக உச்சத்தில். வடாற்காட்டுக் கூத்தில் நடிகன் திரைக்குப் பின்னாலிருந்து பாடத் தொடங்கும்போது, அவன் முகம் தெரிவதற்கு முன்பே அவன் யார், என்ன நிலையில் வருகிறான் என்பதை முகவீணை சொல்லிவிடும். ஒலிபெருக்கியே இல்லாத காலத்தில் ஊர் முழுக்கக் கேட்ட கருவி.

அன்று அவர் அடிக்கடி மைக்கைத் தன்னிடமிருந்து சற்றுத் தள்ளி வைத்தார். ஸ்டாண்டு நழுவுகிறது என்று நினைத்து நான் எழுந்து போய் மறுபடி அருகில் கொண்டுவந்து திருகை இறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி தள்ளி இருந்தது. மறுபடி போனேன். அவருடைய ஒலியில் அன்று எனக்கு ஏதோ குறைந்தது, ஒரு மினுக்கம் இல்லாமல் மொண்ணையாக இருந்தது. அதனால் உச்சப் பட்டைகளையும் ஏற்றி வைத்தேன். மூன்றாம் முறை நான் போனபோது அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எழுபதை நெருங்கிய மனிதர். அதன் பிறகு மைக்கை விட்டுவிட்டுத் தன் முகத்தையே பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு விடியும்வரை ஊதினார்.

காலையில் வேஷம் கலைக்கும் இடத்தில் கூத்து வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். “செட்டுக்காரரே, இன்றைக்கு உங்கள் பாக்ஸில் ஊசி ஏறியிருந்தது. பெண்கள் பக்கம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பார்க்கவில்லையா?” என்றார். முகவீணைக்காரர் சீவாளியைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டே, “காது குத்துகிறதே என்று நான்தான் தள்ளித் தள்ளி வைத்தேன். நீங்கள் கொண்டுவந்து கொண்டுவந்து வைத்தீர்கள்” என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னை உலுக்கியது. ஒரு இரவு முழுக்க நான் ஓர் ஊரின் காதில் ஊசி ஏற்றியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

தெரிந்த பிறகும் உடனே மருத்துவரிடம் போகவில்லை. வயரில் கோளாறு, உச்ச ஒலிக்கான ட்வீட்டர் ஸ்பீக்கர் பழசு என்று சொல்லிப் புதிய ட்வீட்டர்கள் மாற்றினேன். செல்போனில் ஒலிப் பட்டைகளைக் காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது அதைப் பார்த்துச் சமாளித்தேன். முன்பெல்லாம் மைக் கூவத் தொடங்கும்போதே, அது கூவலாக ஆவதற்கு முன்பே, காற்றில் ஒரு மெல்லிய இழை நீள்வது எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு 2,500 என்றோ 3,150 என்றோ சொல்லிவிடுவேன். நைனா அதைப் பிறரிடம் சொல்லிப் பெருமைப்படுவார். அந்த இழை இப்போது கேட்பதில்லை. கூவல் முழுதாக வெடித்த பிறகு எல்லாரோடும் சேர்ந்து எனக்கும் கேட்கிறது.

அடுத்த அடி தொலைபேசியில் விழுந்தது. பதினேழாம் தேதி மஞ்சள் நீராட்டு விழா என்று ஒருவர் சொன்னதைப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டேன். பதினெட்டாம் தேதி காலை பொருளோடு போய் இறங்கினால் வாசலில் வாடிய வாழைமரம்தான் நின்றது. அந்தப் பெண்ணின் தாத்தா என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

தேதி கேட்பதுகூட எனக்குக் கடினமாகியிருந்தது ஏன் என்று பிறகு புரிந்தது. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த பட்டைகளில் இருக்கிறது. அவை எனக்கு நன்றாகவே கேட்கும். ஒரு மெய்யைப் பக்கத்து மெய்யிலிருந்து பிரித்துக் காட்டும் குறிப்புகள் பெரும்பாலும் மேலே இருக்கின்றன. பத்தும் பட்டும் எனக்கு ஒன்றாகிவிட்டன, கத்தியும் கட்டியும் ஒன்றாகிவிட்டன. ‘ஸ்’ என்னும் ஒலி பல நேரம் வருவதே இல்லை. இலக்கணத்தில் வல்லினம் என்று படித்த எழுத்துகள்தான் என் காதில் முதலில் மெலிந்தன. தொலைபேசியோ பழைய முறையில் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை அனுப்புவதே இல்லை. ஆள் எதிரே இருந்தால் உதட்டைப் பார்த்து மீதியை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் கூத்தில் நடிகன் திரைக்குப் பின்னால் பாடும்போது உதடு ஏது? முப்பது ஆண்டுகள் கேட்டு மனப்பாடமாகிப்போன பாட்டுகளை நினைவிலிருந்துதான் கேட்கிறேன். புதிதாக ஒரு வரி சேர்த்துப் பாடினால் எனக்குத் தெரியாது.

2019இல், எங்கள் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த ஆண்டில், வேலூருக்குப் போய்ச் செவித்திறன் பரிசோதனை செய்துகொண்டேன். ஒலி புகாத சிறிய அறை. நான் வாழ்நாளில் அத்தனை அமைதியான இடத்தில் இருந்ததில்லை. ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். 250, 500, 1,000 எல்லாம் சுலபமாகப் போயின. அதற்கு மேலே போனபோது, அந்த அமைதியில் எனக்குள் ஓடும் இரைச்சலே பெரிதாகக் கேட்டது. வெளியே ஒலித்ததா, உள்ளே ஒலிக்கிறதா என்று தெரியாமல் அழுத்தினேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் பரிசோதனையை நிறுத்திவிட்டு, “ஐயா, இப்போது நான் எதுவும் அனுப்பவில்லை” என்று மெதுவாகச் சொன்னார். அதன் பிறகு துண்டு துண்டாக விட்டு ஒலிக்கும் ஒலியை அனுப்பினார், அப்போதுதான் பிரித்தறிய முடிந்தது.

வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. ஓர் ஒலி கேட்கத் தொடங்கும் அளவு 25 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு, அது கூடக் கூடக் கோடு கீழே இறங்கும். என் கோடு 1,000 வரை மேலேயே நடந்து, 2,000இல் இறங்கத் தொடங்கி, 4,000இல் வலதில் 55, இடதில் 65 என்று விழுந்து கிடந்தது. ஈக்வலைசரில் நான் ஆயிரம் முறை போட்ட வடிவம் அது. கூவும் பட்டையை இப்படித்தான் வெட்டி இறக்குவோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பேச்சுப் பட்டைகளில் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர் என்று ஏற்கும். என்னுடையது அதற்குள் வராது. சான்றிதழ் கேட்டு நான் போகவும் இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் எத்தனை பேர் இந்த நடுவாந்தரத்தில் இருப்பார்கள், யாருக்கும் சொல்லாமல் உச்சப் பட்டைகளை ஏற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. பொருள் தேய்ந்தால் மாற்றுகிறோம், பாக்ஸுக்கு உறை தைக்கிறோம், ஆம்பிளிஃபையருக்கு மின்விசிறி வைக்கிறோம். காதுக்கு ஒன்றும் செய்வதில்லை.

2020இல் திருவிழாக்கள் அடியோடு நின்றன. கடைக்குள் பாக்ஸ்கள் அடுக்கியபடியே கிடந்தன. காதுக்கு ஓய்வு கிடைத்தால் கொஞ்சம் திரும்பி வருமோ என்று ஆசைப்பட்டேன். வரவில்லை. இரவில் தெரு அடங்கிய பிறகு இரைச்சல் மட்டும் பெரிதாயிற்று. மனைவி தலைமாட்டில் மின்விசிறியை வேகமாக ஓடவிடுவாள், அந்த ஓசையில் இது கொஞ்சம் அமுங்கும். இன்றும் மார்கழியில்கூட எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடும்.

காது கேட்கும் கருவி வாங்கியது 2021இல். முதலில் ஒரு கடையில் அளவே சரியாகப் பார்க்காமல் கொடுத்த கருவி எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டியது, தட்டு விழுந்தால் தலைக்குள் இடித்தது. இந்த வகை இழப்பில் மெல்லிய ஒலி கேட்காது, பெரிய ஒலியோ மற்றவர்களுக்குப் போலவே பெரிதாகவே கேட்கும். நடுவில் இருக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது முறை பொறுமையாக உட்காரவைத்து அமைத்துக் கொடுத்தார்கள். அப்போதுதான் வீட்டில் குக்கரின் ஆவி விசிலுக்கு முன்பே சீறுவதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு கேட்டேன்.

இசைக்கு அது போதவில்லை. கருவி தானே கூவாமல் இருக்க, நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரத்தை எதிரி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். முகவீணை ஒரு சுரத்தைப் பிடித்து நின்றால் என் காதில் அது தண்ணீருக்குள் அலையும் விளக்குப்போல் நடுங்கும். செவித்திறன் நிபுணரிடம் கைபேசியில் பதிவுசெய்த முகவீணையைப் போட்டுக் காட்டினேன். அவர் அந்தத் தடுப்பைக் குறைத்து, ஒலியை அமுக்குவதையும் தளர்த்தி, இசைக்கென்று தனியாக ஓர் அமைப்பு போட்டுக் கொடுத்தார். பழைய முகவீணை வரவில்லை. ஆனால் நடுக்கம் நின்றது.

வேலூர்ப் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஒரு வருடம் சிரசு ஊர்வலம் வரும் வழியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தபோது வியர்வை இறங்கி இரண்டு கருவிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. பம்பை அடிக்கிறார்கள், தேங்காய்கள் உடைகின்றன, எனக்கு எல்லாம் கம்பளிக்குள்ளிருந்து கேட்கிறது. அப்போதிருந்து சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவும் பழுப்பு ஒட்டி வைத்த 312 பேட்டரி அட்டையும் சட்டைப் பையில் இருக்கும். ஒட்டியை உரித்த பிறகு ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுத்தான் பேட்டரியைப் போட வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கருவியைக் காதில் பார்த்த பிறகு, பல ஆண்டுகளாக எனக்கு வேலை கொடுத்த ஒரு திருமண மண்டபம் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. எனக்கு வலித்தது. ஆனால் அந்த மண்டபத்தில் நான் எதுவும் கேட்காமலேயே ஒப்பேற்றிக்கொண்டிருந்த இரண்டு ஆண்டுகளில் அவர்கள் என்னை நம்பினார்கள். சொன்ன பிறகு நம்பவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில்தான் அவர்களுக்குக் கெட்ட ஒலி கொடுத்தேன்.

கூத்துக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. முதலில் போய்ச் சொன்னது அந்த முகவீணைக்காரரிடம்தான். திண்ணையில் உட்கார்ந்து என் வரைபடத்தைக் காட்டினேன். அவருக்கு அது புரியவில்லை, ஆனால் பள்ளத்தில் விரலை வைத்து, “இங்கேதான் நான் இருக்கிறேனா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்படியென்றால் என்னை என்னிடம் விட்டுவிடுங்கள். மைக் நான் வைக்கும் இடத்திலேயே இருக்கட்டும்” என்றார்.

அக்கா மகன் அந்த ஆண்டுதான் படிப்பை முடித்துவிட்டு என்னோடு வந்தான். எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை செய்துகொண்டோம். 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எனக்கு, மேலே அவனுக்கு. மிருதங்கத்தின் தொப்பி, ஆர்மோனியத்தின் அடிக்கட்டை, நடிகனின் நெஞ்சிலிருந்து வரும் குரல் ஆகியவற்றில் அவனைவிட எனக்கு இன்னும் நிதானம் உண்டு. உச்சத்தில் அவன் விரல் சொன்னபடி என் கை நடக்கும். மிக்சரையும் பாக்ஸின் நிழலிலிருந்து எடுத்துக் கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோய்விட்டேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி ஏறக்குறைய ஆறு டெசிபல் குறையும். நாற்பது மீட்டர் கூடுதல் வயருக்கு ஆன செலவு ஒரு பருவத்தில் வந்துவிட்டது.

நடுவே உட்கார்ந்த பிறகுதான் கிழவர்களைக் கவனித்தேன். கடைசி வரிசைகளில் பாயை விரித்து உட்காருகிறவர்கள் அவர்கள்தான். வயதாலும் முதலில் போவது அந்த உச்சப் பட்டைகள்தான். முன்பு அவர்களுக்காக என்று நினைத்து ஒலியைக் கூட்டினேன். இப்போது கூட்டுவதில்லை. கடைசி வரிசைக்கு அருகில் இரண்டு சிறிய பாக்ஸ்களைத் தாழ்வாக வைத்து, நடிகனின் பேச்சு மட்டும் தெளிவாக வரும்படி, மிருதங்கத்தை அதில் பாதியாக்கிக் கொடுக்கிறேன். முன் வரிசையிலிருந்து வரும் ஒலியும் இதுவும் ஒன்றாகச் சேர, மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று மில்லிநொடி தாமதம் போட வேண்டும். வெப்ப இரவில் கொஞ்சம் குறையும். இந்தச் சிறிய பாக்ஸ்களுக்கு மட்டும் நான் யாருடைய விரலையும் பார்ப்பதில்லை. கருவியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, பாயில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பேசுவது எனக்குப் புரியும்வரை திருத்துகிறேன். போன பங்குனியில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கட்டியக்காரனின் விடுகதைக்கு அவன் விடை சொல்வதற்குள் தானே விடை சொல்லிச் சிரித்தார்.

ஆடியில் கூழ் வார்க்கும் திருவிழாக்களுக்குப் பதினோரு ஊர்கள் எழுதியிருக்கிறோம். தேதிகளையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டேன். சென்ற வாரம் அக்கா மகனை அதே அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தேன். “எனக்கு எதற்கு மாமா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 4,000 வந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவன் அழுத்தினான். இன்னும் குறைத்தார்கள், அழுத்தினான். 10 டெசிபலில் நின்றது. இரண்டு வரைபடங்களையும் ஆம்பிளிஃபையர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். அவனுக்கு எல்லாப் பட்டையையும் ஒரே அளவாகக் குறைக்கும் காதடைப்பான் ஒரு ஜோடி சொல்லியிருக்கிறேன். ஆடி பிறப்பதற்குள் வந்துவிடும் என்றார்கள்.